எக்ஸ்-அட்டர் படிக்கும்போது தமிழ்க் குறிப்புக்கு மட்டும் 34-ஆம் எர்ரர் ஏன் வருகிறது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்திருந்தால் திருத்துங்கள். குழித்துறைப் பக்கம் தாத்தா வீட்டில் இருந்த பழைய பிரமாணங்களை (சொத்துப் பத்திரங்களை) ஸ்கேன் எடுத்து, ஒவ்வொரு கோப்பிலும் கொல்லம் ஆண்டு, ஊர், சர்வே நம்பர் என்று குறிப்புகளை எக்ஸ்டெண்டட் அட்ரிபியூட்டாக (சுருக்கமாக எக்ஸ்-அட்டர்: கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடாமல், ஒரு பெயரும் ஒரு மதிப்புமாக ஃபைல் சிஸ்டம் கோப்போடு சேர்த்து வைக்கும் குறிப்பு) ஒட்டி வைத்திருக்கிறீர்கள். அதைத் திரும்பப் படிக்க சி மொழியில் ஒரு சின்ன புரோகிராம். அதில் சில நேரம் குறிப்பின் வாலில் குப்பை எழுத்து வருகிறது. சில கோப்புகளுக்கு 34 என்று எர்ரர், அதுவும் தமிழில் எழுதிய குறிப்புகளுக்கு மட்டும். வெட்டிச் சரிசெய்த சில படங்களுக்கு 61. பென்டிரைவில் போட்டு அண்ணனின் மேக்கில் திறந்தால் ஒன்றுமே இல்லை. கடைசியில் "கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கொடுக்கும் இந்த சிஸ்டம் காலையே (ஃபங்ஷன் அழைப்பையே) நம்பக்கூடாதா, பைத்தானுக்கு மாறிவிடலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் கேட்பது இரண்டு: இதைச் சரியாகப் படிப்பது எப்படி, இதை எவ்வளவு தூரம் நம்பி வைக்கலாம்.

நான் நாகர்கோவில்காரன். பதினான்கு வருடமாக பேக்கப் மென்பொருள் எழுதும் வேலை, லினக்ஸ் பக்கம்தான் பெரும்பாலும். மேக்கை நகலெடுப்பு வேலைக்கு வேண்டிய அளவுக்குத்தான் தொட்டிருக்கிறேன், அந்த அளவில் வைத்து அந்தப் பகுதியைப் படியுங்கள். அப்புறம், ஃபங்ஷன் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், வாய்விட்டுப் படித்தால் எது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் குப்பை எழுத்து, ஏனென்றால் அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. குறிப்பைப் படிக்கும் ஃபங்ஷனான கெட்-எக்ஸ்-அட்டர் கொண்டுவந்து கொடுப்பது வெறும் பைட்டுகள். அது சி மொழியின் ஸ்ட்ரிங் (பூஜ்ய பைட்டில் முடியும் எழுத்து வரிசை) கிடையாது, முடிவில் பூஜ்ய பைட் வைத்துத் தரும் வழக்கம் அதற்கு இல்லை. நீங்கள் எழுதும்போது எத்தனை பைட் கொடுத்தீர்களோ அத்தனைதான் திரும்பி வரும், எத்தனை என்பதை அது திருப்பித் தரும் எண் சொல்லும். நீங்கள் அந்த எண்ணைப் பார்க்காமல் நேராக பிரின்ட்-எஃபுக்குக் கொடுத்திருக்கிறீர்கள், அது பூஜ்யத்தைத் தேடிக்கொண்டு பஃபரில் (மதிப்பை வாங்கி வைக்கும் மெமரி இடத்தில்) ஏற்கெனவே கிடந்ததையெல்லாம் அச்சடித்துவிட்டது. திரும்பி வந்த எண்ணை ஒரு மாறியில் வாங்கி, பஃபரில் அந்த இடத்தில் நீங்களே ஒரு பூஜ்யம் போடுங்கள், அதற்காக பஃபரில் ஒரு பைட் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். "சில நேரம் சரியாக வருகிறதே" என்று கேட்டீர்கள். பஃபரில் தற்செயலாக அடுத்த பைட் பூஜ்யமாக இருந்திருக்கும், அவ்வளவுதான். இதில் ஒரு வேடிக்கை: ஃபெடோரா லினக்ஸில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு ஒட்டும் குறிப்பின் மதிப்பில் முடிவுப் பூஜ்யமும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கும். அதை வைத்துச் சோதித்துப் பார்த்தவர்கள் "எல்லாம் ஸ்ட்ரிங்தான் போல" என்று முடிவுகட்டி ஏமாந்த கதை எனக்கு நன்றாகத் தெரியும், ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

இனி 34. லினக்ஸில் அந்த எண்ணின் பெயர் ஈ-ரேஞ்ச், "நீ கொண்டுவந்த பாத்திரம் போதாது" என்று அர்த்தம். நீங்கள் 64 பைட் பஃபர் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட், எனவே 64 எழுத்து தாராளம் என்று தோன்றும். யூனிகோடு எழுத்துகளை பைட்டாக எழுதும் முறையான யூடிஎஃப்-8-இல் தமிழ் அப்படி இல்லை. ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் (யூனிகோடில் தனி எண் பெற்ற ஒவ்வொரு குறிக்கும்) மூன்று பைட், மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனிக் குறியீட்டுப் புள்ளிகள். "கன்னியாகுமரி" நம் கணக்கில் ஏழெழுத்து, யூனிகோடு கணக்கில் 12 புள்ளி, வட்டில் 36 பைட். "நாகர்கோவில்" 33 பைட். இரண்டுக்கும் நடுவே ஒரு கமாவும் ஒரு இடைவெளியும் போட்டால் 71, உங்கள் 64 அங்கேயே முடிந்தது. கல்குளம், விளவங்கோடு என்று ஒற்றைப் பெயர் இருந்த கோப்புகள் தப்பித்தன, தாலுகாவும் ஊரும் சேர்ந்து எழுதியவை மாட்டிக்கொண்டன என்று நினைக்கிறேன், பட்டியலை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இங்கே நல்ல விஷயம் ஒன்று: பாத்திரம் போதாதபோது கெர்னல் பாதியைக் கொட்டிவிட்டுப் போவதில்லை, ஒன்றும் தராமல் எர்ரர் கொடுக்கிறது. பாதி எழுத்தில் வெட்டுப்பட்ட தமிழைவிட அது எவ்வளவோ மேல்.

இன்னொரு பக்கக் குறிப்பு. "கோ" என்பதில் வரும் ஓகாரக் குறியை ஒற்றைப் புள்ளியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு தனி, துணைக்கால் தனி என்று இரண்டு புள்ளியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், பைட் கணக்கில் வேறு. அட்ரிபியூட்டின் பெயரையே தமிழில் வைத்திருக்கிறீர்கள் என்றால் இது கடிக்கும், ஏனென்றால் கெர்னல் பெயர்களை பைட் பைட்டாகத்தான் ஒப்பிடுகிறது. பெயர் தமிழில் இருப்பதில் தப்பில்லை, ஆனால் முன்னால் வரும் "யூசர்" என்ற வகைப் பெயரையும் அதையடுத்த புள்ளியையும் சேர்த்து 255 பைட்டுக்குள் அடங்க வேண்டும். நான் பெயரை ஆங்கிலத்தில் சுருக்கமாக வைத்து, மதிப்பைத் தமிழில் வைப்பேன்.

சரி, பாத்திரம் எவ்வளவு பெரிது வேண்டும் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்? கையேட்டில் உள்ள வழி: முதலில் அளவு என்ற இடத்தில் பூஜ்யம் கொடுத்துக் கூப்பிடுங்கள், மதிப்பைத் தராமல் அது எத்தனை பைட் என்று மட்டும் சொல்லும். அத்தனை பைட்டுக்கு மெமரி எடுத்து இரண்டாம் முறை கூப்பிடுங்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் தோவாளையில் பிச்சிப்பூ விலை கேட்டுவிட்டு, பணம் எடுக்க வண்டிப் பக்கம் போய் வருவதற்குள் விலை மாறியிருக்குமே, அந்தக் கதைதான் இங்கும். முதல் காலுக்கும் இரண்டாம் காலுக்கும் நடுவில் வேறு யாராவது அந்தக் குறிப்பை நீளமாக்கியிருந்தால் மறுபடி 34, அழித்திருந்தால் 61. அதனால் ஒழுங்காக எழுதினால் அது ஒரு லூப்பாக இருக்க வேண்டும்: அளவு கேள், எடு, படி, 34 வந்தால் மறுபடி முதலிலிருந்து. பலரும் இதை லூப் இல்லாமல் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். சின்ன வீட்டு வேலைக்கு ஒன்றும் ஆகாது, ஆயிரம் பேர் தொடும் சர்வரில் வருடத்துக்கு ஒருமுறை நடுராத்திரியில் விழும்.

என் வழக்கம் வேறு. லினக்ஸ் கெர்னலில் எந்த ஃபைல் சிஸ்டமாக இருந்தாலும் ஒரு மதிப்பு 65,536 பைட்டைத் தாண்டக்கூடாது என்று மேல்மட்டத்திலேயே வரம்பு இருக்கிறது. பெயர்ப் பட்டியலுக்கும் அதே 64 கேபிதான். எனவே புரோகிராம் தொடங்கும்போதே 65,537 பைட் ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டு (அந்தக் கடைசி ஒன்று நாம் போடும் பூஜ்யத்துக்கு) எல்லாக் கோப்புக்கும் அதையே பயன்படுத்துவேன். ஒரே கால், லூப் இல்லை, நடுவில் மாறுமோ என்ற கவலை இல்லை. 64 கேபி என்பது இன்றைய லேப்டாப்பில் ஒரு பொருட்டே இல்லை. "வீண் மெமரி" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள். மேக்கில் மட்டும் இந்தக் குறுக்குவழி உதவாது, அங்கே ரிசோர்ஸ் ஃபோர்க் என்ற பழைய சமாச்சாரத்தை இதே கால் வழியாகப் படிக்கலாம், அது எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம். அதற்காகவே மேக்கின் கெட்-எக்ஸ்-அட்டரில் எந்த இடத்திலிருந்து படிக்க வேண்டும் என்பதற்கு ஒன்று, ஆப்ஷனுக்கு ஒன்று என்று இரண்டு ஆர்க்யுமென்ட் கூடுதல். லினக்ஸில் நாலு, அங்கே ஆறு. அங்கே கம்பைல் ஆகவில்லை என்று நீங்கள் எழுதியிருந்தது இதனால்தான்.

பெயர் தெரியாத குறிப்புகளையும் எடுக்க வேண்டும் என்றால் லிஸ்ட்-எக்ஸ்-அட்டர். அது தருவது ஒரே நீளமான பைட் வரிசை, ஒரு பெயர், ஒரு பூஜ்யம், அடுத்த பெயர், ஒரு பூஜ்யம் என்று போகும். ஒவ்வொரு பெயரின் நீளத்தோடு ஒன்று கூட்டி நகர்ந்து, திரும்பி வந்த மொத்த அளவைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். வரிசை எப்படி இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, அகரவரிசை வேண்டுமென்றால் நீங்களே அடுக்குங்கள். பட்டியலில் இருந்த பெயரைப் படிக்கப் போகும்போது 61 வந்தால் நடுவில் யாரோ அழித்திருக்கிறார்கள், விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டியதுதான், அதற்காக புரோகிராம் நின்றுவிடக்கூடாது.

கெட்-எக்ஸ்-அட்டருக்கு மூன்று வடிவங்கள் ஏன் என்றும் கேட்டிருந்தீர்கள். வெறும் கெட்-எக்ஸ்-அட்டர் சிம்பாலிக் லிங்க்கைத் தாண்டிப் போய் உண்மையான கோப்பைப் படிக்கும். முன்னால் எல் சேர்த்தது லிங்க்கையே பார்க்கும். எஃப் சேர்த்தது ஏற்கெனவே திறந்து வைத்த கோப்பின் எண்ணை வாங்கும். ஒரே கோப்பில் ஐந்தாறு குறிப்பைப் படிக்கப் போகிறீர்கள் என்றால் கோப்பை ஒருமுறை திறந்து எஃப் வடிவத்தையே பயன்படுத்துங்கள், நடுவில் அதே பெயரில் வேறு கோப்பு வந்து உட்கார்ந்தாலும் நீங்கள் பிடித்திருப்பது பழையதாகவே இருக்கும். எல் வடிவம் "யூசர்" வகைக்குப் பயன்படாது, ஏனென்றால் லிங்க்கில் அந்த வகைக் குறிப்பை ஒட்டவே விடமாட்டார்கள். லிங்க்கின் அனுமதி பிட்டுகளுக்கு மதிப்பில்லை என்பதால், விட்டால் யார் வேண்டுமானாலும் ஒட்டி அடுத்தவர் இடத்தை நிரப்பிவிடலாம். வகை என்றதும் சொல்லிவிடுகிறேன்: யூசர், டிரஸ்டெட், சிஸ்டம், செக்யூரிட்டி என்று நான்கு. உங்களுக்கு வேண்டியது முதலாவது மட்டும். டிரஸ்டெட் வகை ரூட் அதிகாரம் இல்லாதவர் கண்ணுக்கே படாது. மற்ற இரண்டில் ஏசிஎல் (யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியல்), புரோகிராமுக்கான சிறப்பு அதிகாரம் போன்றவை பைனரியாகக் கிடக்கும், அவற்றை எழுத்தாக அச்சடிக்கப் பார்க்காதீர்கள்.

இப்போது 61-க்கும் 95-க்கும் உள்ள வித்தியாசம், இதை எல்லோரும் குழப்புகிறார்கள். 61, ஈ-நோ-டேட்டா: இங்கே குறிப்பு வைக்க வசதி உண்டு, நீ கேட்ட பெயரில் ஒன்றும் இல்லை (மேக்கில் இதே விஷயத்துக்கு 93). 95, ஈ-நாட்-சப்: இந்த இடத்தில் அந்த வசதியே இல்லை, அல்லது அணைத்து வைத்திருக்கிறது. பென்டிரைவ்கள் கடையிலிருந்து வரும்போதே ஃபேட்-32 அல்லது எக்ஸ்-ஃபேட்டாக வரும், லினக்ஸில் அவற்றில் ஒட்டப் பார்த்தால் 95தான். ஃபெடோரா போன்ற சில அமைப்புகளில் டெம்ப் ஃபோல்டர் மெமரியிலேயே இருக்கும் டெம்ப்-எஃப்எஸ், அதில் 6.6-க்கு முந்தைய கெர்னலில் யூசர் வகை கிடையாது. புரோகிராமை டெம்பில் சோதித்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

உங்கள் 61-க்குக் காரணம் கிட்டத்தட்ட உறுதி என்றாலும் நீங்கள் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பல எடிட்டர்கள் படத்தைச் சேமிக்கும்போது பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. புதிதாக ஒன்றை எழுதி, பழைய பெயரைச் சூட்டிவிடுகின்றன. பெயர் அதேதான், ஆள் வேறு. பழைய ஐநோடோடு (ஃபைல் சிஸ்டம் ஒவ்வொரு கோப்புக்கும் வைத்திருக்கும் பதிவு) உங்கள் குறிப்பும் போய்விட்டது. வெட்டுவதற்கு முன்னும் பின்னும் எல்எஸ் கட்டளையில் ஐ போட்டு ஐநோட் எண்ணைப் பாருங்கள். மாறியிருந்தால் இதுதான். மாறவில்லை என்றால் என் ஊகம் தவறு, எடிட்டரின் பெயரைச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

மேக்கில் ஒன்றும் தெரியாததற்கு மேக்கைக் குற்றம் சொல்ல முடியாது, குறிப்பு அங்கே போய்ச் சேரவே இல்லை. நகலெடுக்கும் சாதாரண சிபி கட்டளை எக்ஸ்-அட்டரை எடுத்துப் போவதில்லை, கேட்டால்தான் எடுக்கும். கேட்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏ போட்டால் முடிந்தவரை எடுத்துப் போகும், எக்ஸ்-அட்டரைக் கொண்டுபோக முடியாவிட்டால் சத்தமே போடாது. பிரிசர்வ் என்று எழுதி எக்ஸ்-அட்டர் என்று குறிப்பிட்டுக் கேட்டால் முடியாதபோது எர்ரர் தரும். நான் எப்போதும் இரண்டாவதைத்தான் சொல்வேன், சத்தம் போடும் கட்டளைதான் நல்ல கட்டளை. ஆர்-சிங்க்கில் பெரிய எக்ஸ் போட வேண்டும், டார் கட்டளைக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். கிட்டில் ஏற்றினாலும், மெயிலில் அனுப்பினாலும், பிரவுசர் வழியாக அப்லோட் செய்தாலும் போவது கோப்பின் உள்ளடக்கம் மட்டும்தான்.

நானே பட்டதைச் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன், நம் மாவட்டத்தில் ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) பழைய கணக்குப் பதிவேடுகளை ஸ்கேன் எடுத்துத் தரும் வேலைக்கு உதவிக்குப் போனேன். எல்லாம் கொல்லம் ஆண்டு போட்டவை, அதில் 1099 கர்க்கடக மாதப் பக்கங்களும் இருந்தன, அதாவது 1924 ஜூலை, பெருவெள்ளக் காலம். என் கெட்டிக்காரத்தனத்தில் கொல்லம் ஆண்டு, பக்கம், கையெழுத்து யாருடையது என்று எல்லாவற்றையும் எக்ஸ்-அட்டராக ஒட்டினேன். மூன்று வாரத் தட்டச்சு. கடைசி நாள் எக்ஸ்-ஃபேட் டிஸ்க்கில் நகலெடுத்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் இடம் வேண்டும் என்றதால் மூலக் கோப்புகளை அழித்தேன். சிபியில் ஏ போட்டிருந்தேன், திரையில் ஒரு எழுத்து எர்ரர் வரவில்லை. ஒரு மாதம் கழித்து "தேடினால் ஒன்றும் வரவில்லையே சார்" என்று போன். படங்கள் பத்திரமாக இருந்தன, மூன்று வாரம் போனது போனதுதான். மறுபடி உட்கார்ந்து தட்டினேன், இந்த முறை படத்துக்குள்ளேயே.

அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் அபிப்பிராயம்: எக்ஸ்-அட்டர் அந்த ஃபைல் சிஸ்டத்துக்குள் இருக்கும்வரை நம்பகமானது, வீட்டு வாசலைத் தாண்டினால் இல்லை. ஜேபெக், டிஃப் ஸ்கேன்களுக்கு எக்ஸ்எம்பி என்ற முறையில் குறிப்பைக் கோப்பின் உள்ளேயே எழுதலாம், எக்சிஃப்-டூல் அதைச் செய்யும், தமிழும் தாராளமாக ஏற்கும். அது மூலமாக இருக்கட்டும், எக்ஸ்-அட்டரை உங்கள் லேப்டாப்பில் வேகமாகத் தேடுவதற்கான நகலாக வைத்துக்கொள்ளுங்கள். குறிப்புகள் நீளமாகிக்கொண்டே போனாலும் இதுவே நல்லது, ஏனென்றால் ஈஎக்ஸ்டி-4-இல் ஒரு கோப்பின் எல்லாக் குறிப்பும் சேர்ந்து வழக்கமாக ஒரு பிளாக்குக்குள், அதாவது பெரும்பாலும் 4,096 பைட்டுக்குள் அடங்க வேண்டும்; ஐநோடில் மிச்சமிருக்கும் கொஞ்ச இடம் தனி. அதைத் தாண்டினால் எழுதும்போது 28 வரும், "இடமில்லை" என்று. டிஸ்க்கில் 200 ஜிபி காலியாக இருக்கும்போது இதைப் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும். மூன்று பைட் கணக்கில் தமிழில் இரண்டு பத்தி விரிவாக எழுதினாலே அந்த எல்லை வந்துவிடும்.

வேறெதையும் தொடுவதற்கு முன், இருப்பதை இன்றைக்கே ஒரு டெக்ஸ்ட் கோப்பாக எடுத்து வையுங்கள். கெட்-எஃப்-அட்டர் கட்டளைக்கு ஃபோல்டர் முழுவதும் போகும் பெரிய ஆரும், மதிப்பையும் காட்டச் சொல்லும் டியும் போதும். தமிழ் மதிப்புகள் பூஜ்யமும் எஸ்ஸும் போட்டுத் தொடங்கும் புரியாத எழுத்தாக வரும், பயப்படாதீர்கள், அது பேஸ்-64 வடிவம்தான், கெட்டுப்போகவில்லை. செட்-எஃப்-அட்டரின் ரிஸ்டோர் அதை அப்படியே திரும்ப ஒட்டிவிடும்.

பைத்தானுக்கு மாறலாமா என்றால், லினக்ஸில் மட்டும் ஓடப் போகிறது என்றால் தாராளமாக மாறுங்கள், 3.3-இலிருந்து ஓஎஸ் மாட்யூலிலேயே இருக்கிறது, பஃபர் தலைவலியை அதுவே பார்த்துக்கொள்ளும். வருவது பைட்ஸ், அதை நீங்கள் டீகோட் செய்ய வேண்டும். மேக்கில் அந்த ஃபங்ஷன்கள் ஓஎஸ் மாட்யூலில் கிடையாது. ஆனால் படிப்பதற்காகத்தான் சியில் எழுதினேன் என்றால் சியிலேயே முடியுங்கள் தம்பி, இன்னும் பத்து வரிதான். ஒன்றில் மட்டும் கவனம்: 64 பைட் அரேயை எடுத்துவிட்டு மாலக் (ஓடும்போது மெமரி கேட்டு வாங்கும் ஃபங்ஷன்) போட்டதும், அளவு கொடுக்கும் இடத்தில் பழைய சைஸ்-ஆஃப் பஃபர் அப்படியே இருந்தால், அது இப்போது பாயின்டரின் அளவான 8-ஐத்தான் சொல்லும். அப்போது கொல்லம் ஆண்டு மட்டும் ஒழுங்காக வரும், ஊர்ப் பெயர் அத்தனைக்கும் மறுபடி அதே 34 வரும்.